நான்கு சுவருக்குள் ஓர் அழுகை

என் சித்தப்பா ஓடோ எனக்காகக் கோயில் மணியை அடிக்கவைத்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கும் எங்கள் ஊரில் சிலர் அதைப் பெரிய பக்தி என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள், கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. பிரசவ வலியில் இருப்பவளுக்காக மணியடித்தால் குழந்தை சுலபமாக இறங்கும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம்தான். கொஞ்ச நேரம் அடிப்பார்கள், ஒரு ஜெபம் சொல்வார்கள், விட்டுவிடுவார்கள். என் சித்தப்பா விடியற்காலையில் ஆரம்பித்தார், நிறுத்தவேயில்லை. கயிற்றை இழுக்கத் தன் ஆட்கள் மூன்று பேரை முறை போட்டு நிறுத்தியிருந்தார். பாதிரியார் வால்ட்டர் மனம் நெகிழ்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம்.

எதற்காக அடிக்கிறார் என்று எனக்கு முதல் மணியிலேயே தெரிந்துவிட்டது.

ராத்மோல் என் அப்பாவின் நிலம்; கடல் தாண்டி ஐரிஷ் மண்ணுக்கு வந்து குடியேறிய, பிரெஞ்சு பேசும் வம்சம் எங்களுடையது. கோட்டை, மாவு ஆலை, ஷூர் ஆற்றங்கரை வயல்கள், அதில் பாடுபடும் எண்பது குடும்பங்கள் எல்லாம் சேர்த்துத்தான். அப்பாவுக்கு நான் ஒரே பெண். அவர் போனதும் ராஜாவின் சட்டப்படி அது எனக்கு வந்தது. சித்தப்பாவுக்கு அந்த வயிற்றெரிச்சல் ஆறவேயில்லை. மலைக்கு அந்தப் பக்கத்து ஐரிஷ்காரர்களிடம் நிலம் பெண்ணுக்குப் போகாது, செத்தவனுடைய தம்பிக்குத்தான் போகும். ஐரிஷ்காரனைக் கண்டாலே காறித் துப்புகிற மனிதர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் சட்டம்தான் நியாயமானது என்பார்.

என் கணவர் மெய்லர் நைட் பட்டம் வாங்கியவர். ஆனால் நான்காவது மகன். கலியாணத்துக்கு வந்தபோது அவரிடம் இருந்தது ஓர் இரும்பு வளைய அங்கி, இரண்டு குதிரைகள், நல்ல குணம். மலைக்காரர்கள் மாதிரி மேலுதட்டில் மீசை விட்டிருப்பார், சேணம் இல்லாமல் குதிரை ஏறுவார், பிரெஞ்சை விட ஐரிஷ் நன்றாகப் பேசுவார். சித்தப்பா அவரை "மலைக்கார மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார். அவர் சிரித்துக்கொண்டே "சொல்லுங்க மாமா" என்பார். அதுவும் சித்தப்பாவுக்குப் பிடிக்காது.

இப்போது சட்டத்தைச் சொல்ல வேண்டும். மனைவியின் நிலம் அவள் இருக்கிறவரைதான் புருஷனுக்கு. அவள் செத்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஒரே ஒரு விலக்கு உண்டு. அவள் வயிற்றில் ஒரு குழந்தையாவது உயிரோடு பிறந்திருந்தால், பிறகு அந்தக் குழந்தை இருந்தாலும் போனாலும், அவன் சாகும்வரை நிலம் அவனிடமே இருக்கும். உயிரோடு பிறந்ததற்கு என்ன அத்தாட்சி? அது அழுதிருக்க வேண்டும். நான்கு சுவருக்குள் அது அழுததை ஆண்கள் தங்கள் காதால் கேட்டிருக்க வேண்டும். பிரசவ அறைக்குள் ஆண்கள் வரக்கூடாது. உள்ளே இருக்கிற பெண்களின் பேச்சு ராஜாவின் சபையில் எடுபடாது. அதனால் சொத்துள்ள பெண் பிள்ளை பெறும்போது, கதவுக்கு வெளியே மாடிப்படியில் பன்னிரண்டு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

எனக்கு அதற்கு முன் இரண்டு பிறந்தன. இரண்டும் அழவில்லை.

மூன்றாவதுக்கு நாள் இருந்தது. தவக்காலத்தின் நடுவில், ஒரு மாதத்துக்கு மேல் முன்னாலேயே வலி கண்டுவிட்டது. யார் சொன்னார்களோ, முதல் நாள் சாயங்காலமே சித்தப்பா இருபது குதிரைக்காரர்களோடு வந்து இறங்கிவிட்டார். அண்ணன் மகளைப் பார்க்க வந்தாராம். கூடத்தில் உட்கார்ந்து எங்கள் உப்பு மீனைத் தின்றுகொண்டே, நிலம் தன் கைக்கு வந்தால் ஈஸ்டருக்குள் ஐரிஷ் குடும்பம் ஒன்றுகூட ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்காது என்று சொல்லியிருக்கிறார். பரிமாறினவள் காதில் விழவேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

அவள் லசரீனாவின் தங்கை. லசரீனாதான் எனக்குப் பிரசவம் பார்க்க வந்தவள். எங்கள் இருவருக்கும் வயது ஒன்று, குடித்த பால் ஒன்று. என் அம்மா என்னைப் பெற்ற மூன்றாம் நாள் லசரீனாவின் அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்; ஏழு வயதுவரை அவர்கள் குடிசையில்தான் வளர்ந்தேன். இப்படிப் பிள்ளையை ஐரிஷ்காரியிடம் வளர்க்கக் கொடுக்கக் கூடாது என்று டப்ளினில் உத்தரவு போட்டுக்கொண்டே இருப்பார்கள், நாங்களும் கொடுத்துக்கொண்டே இருப்போம். நான்கு பேர் எதிரில் அவள் என்னை "அம்மா" என்பாள். தனியாக இருந்தால் வாடி, போடிதான்.

காலையில் அவள் அறைக்குள் வந்ததும், குழந்தை வழியில் சிக்காமல் வரட்டும் என்று முடிச்சுகளை எல்லாம் அவிழ்த்தாள். என் பின்னல், திரைக்கயிறு, தானிய மூட்டையின் வாய், ஒன்று விடவில்லை. பெட்டிகளின் பூட்டைத் திறந்துவைத்தாள். வெளியே எட்டிப் பார்த்து, "ஐயா, நீங்களும் இடுப்புக் கச்சைய அவுத்துடுங்க. செருப்பு வாரையும்" என்றாள்.

"அவுத்தாச்சு. இன்னும் கொஞ்சம் சொன்னா நான் கவுரவமா நிக்க முடியாது, லசரீனா" என்று மெய்லரின் குரல் கேட்டது. படிகளில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அன்று சிரிக்கவில்லை. இல்லை, ஒரு தடவை சிரித்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

கோயில் எங்கள் கோட்டைச் சுவரை ஒட்டியே இருக்கிறது. அந்த மணி என் படுக்கையையே அதிரவைத்தது. முற்பகல் வாக்கில் லசரீனா கதவைப் பாதி திறந்து, "இந்தச் சத்தத்த நிறுத்தச் சொல்லுங்க. நான் மூச்சு விடச் சொல்றதுகூட இவங்களுக்குக் கேக்கல" என்று கத்தினாள்.

மெய்லர் இறங்கிப் போனார். திரும்பி வந்து கதவில் வாயை வைத்துக் கூப்பிட்டார்.

"பசீலியா, கேக்குதா? மாமா கோயில் வாசல்ல நிக்கறார். பாதிரியாரும் கூட நிக்கறார். 'என் அண்ணன் மகளுக்காக நான் வேண்டிக்கறேன், அதத் தடுக்கிற புருஷனா நீ?'ன்னு கேக்கறார். கோயிலுக்குள்ள கத்திய உருவினா நான் திருச்சபைக்கே ஆகாதவனாயிடுவேன். என்ன செய்யட்டும், சொல்லு."

அவரிடம் ஒன்பது ஆட்கள், சித்தப்பாவிடம் இருபது. நான் என்ன சொல்ல? வலி வந்து என் வாயை அடைத்துவிட்டது.

உச்சிப்பொழுதுக்குச் சற்று முன் குழந்தை பிறந்தது. பெண். என் இரண்டு உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். லசரீனா அதன் வாயை விரலால் துடைத்தாள், தலைகீழாகப் பிடித்தாள். முன்பு இரண்டு தடவை இந்த இடத்தில்தான் எல்லாம் முடிந்துபோயிருந்தது.

அது அழுதது. பூனைக்குட்டி கத்துவதுபோல மூன்று தடவை. நான் கேட்டேன், லசரீனா கேட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

லசரீனா கதவுக்கு ஓடினாள். "அழுதுச்சு! கேட்டீங்களா? இப்பதான் அழுதுச்சு!"

"என்ன?" என்றது ஒரு குரல். அது ஆலைக்கார ஹ்யூ. பன்னிரண்டு பேரில் அவனுக்குத்தான் காது மந்தம். சாட்சிக்கு ஆள் சேர்க்கும்போது மெய்லர் அவனை விட்டால் மனம் நோகுமே என்று சேர்த்திருந்தார். என் கணவரின் நல்ல குணம் இப்படித்தான் வேண்டாத இடத்திலெல்லாம் வந்து நிற்கும்.

"புள்ள அழுதுச்சுன்னு சொல்றேன்!"

"எங்களுக்கு எதுவும் கேக்கலையேம்மா" என்றான் இன்னொருவன். "மணிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

"கேட்டுச்சுன்னு சொல்லிட்டா என்ன?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்துப் பொய் சொன்னவன் நேராக எங்கே போவான் என்று படியில் நின்ற எல்லோருக்கும் தெரியும். மெய்லர் அவர்களை வற்புறுத்தவில்லை. "புள்ள எப்படி இருக்கு? பசீலியா எப்படி இருக்கா?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

லசரீனா கதவைச் சாத்திவிட்டு வந்தாள். வெந்நீர் ஏனத்திலிருந்து மூன்று விரலால் நீர் எடுத்துக் குழந்தையின் நெற்றியில் தெளித்து ஈதா என்று பெயர் வைத்தாள். அவசரத்துக்கு மருத்துவச்சியே ஞானஸ்நானம் கொடுக்கலாம், எந்தப் பாதிரியாரும் குறை சொல்ல முடியாது. பிறகு வாத்துக்கொழுப்பை உடம்பெல்லாம் தடவி, ஆட்டுரோமத் தோலில் சுற்றித் தன் மார்போடு வைத்து முடிச்சுப் போடாத ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். குழந்தை அடங்கிவிட்டது. வெளியே ஒரு பிடி கறுப்பு முடி மட்டும் தெரிந்தது.

"பொழைக்குமா?" என்று கேட்டேன்.

"இந்த மாதிரி மூணு புள்ளைங்கள நான் பொழைக்க வச்சிருக்கேன். அசைக்கக் கூடாது, காத்து படக் கூடாது. உடம்புச் சூட்டுலயே ரெண்டு வாரம் கிடக்கணும்."

"பொழைக்குமான்னு கேட்டேன்."

"பொழைக்கலாம்."

"நான்?"

அவள் என் கால்மாட்டில் குனிந்து துணியை மாற்றிக்கொண்டிருந்தாள். அது ஆறாவதோ ஏழாவதோ. எல்லாம் சிவப்பாக மூலையில் குவிந்து கிடந்தன.

"என் முகத்தப் பாத்துச் சொல்லுடி."

நிமிர்ந்து பார்த்தாள். "நிக்க மாட்டேங்குது, பசீ" என்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

சாவு பக்கத்தில் வரும்போது பயம் வரும் என்று நினைத்திருந்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. கைகால் குளிர்ந்துகொண்டிருந்தது, மண்டைக்குள் மட்டும் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. நான் போய்விடுவேன். இந்தப் பூனைக்குட்டியும் எனக்குப் பின்னாலேயே வரும், முன்னால் போன இரண்டும் அப்படித்தானே. அது பிழைத்தால் நிலம் அதற்கே, யாருடைய சாட்சியும் வேண்டாம். ஆனால் பிழைக்காது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். இருவரும் போனால் சாயங்காலமே சித்தப்பா என் அப்பாவின் நாற்காலியில் உட்காருவார். மெய்லர் இரண்டு குதிரைகளோடு தெருவில் நிற்பார். லசரீனாவின் அம்மா, எனக்குப் பால் கொடுத்தவள், ஈஸ்டருக்குள் ஆற்றைத் தாண்ட வேண்டும். ஒரே ஓர் அழுகை. அது அழுதும் ஆயிற்று, ஒரு மணிக்கயிறு அதைத் திருடிக்கொண்டு போய்விட்டது.

இவ்வளவும் நியாயமான கவலைகள்தான். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் விட, சித்தப்பா ஜெயிக்கக் கூடாது என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

"லசரி, ஜன்னலத் தெற."

"எதுக்கு? குளுரு."

"தெறந்து ஒப்பாரி வை. நான் செத்துட்டேன்னு."

அவள் ஒரு அடி பின்னால் போனாள். "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? உசிரோட இருக்கறவளுக்கு ஒப்பாரி வைக்கிறதா? எங்க சனங்கள்ல சின்னப் புள்ளைகூட காறித் துப்பும்."

"நான் செத்தா மணி நிக்கும். அவர் மேல வருவார், எல்லாரையும் கூட்டிக்கிட்டு. புள்ள அழல, நாங்க கேக்கலன்னு ஆள் ஆளா சொல்லவைக்க வருவார். வராம இருக்க மாட்டார், எனக்கு என் சித்தப்பாவத் தெரியும். அப்ப இவள அழவைக்கிறேன். அவர் காதாலயே கேக்கட்டும்."

"புள்ளைய வெளிய எடுக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"ஜன்னலத் தெறடி. இது நான் உன்கிட்ட கடைசியா கேக்கறது."

கடைசியாகக் கேட்பது என்று சொல்லிவிட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் மறுக்க முடியாது. தெரிந்துதான் சொன்னேன்.

அவள் மரக்கதவுகளைத் தள்ளினாள். மார்ச் மாதத்து ஆற்றுக்காற்று உள்ளே வந்து விளக்கை அணைத்தது. லசரீனா குழந்தையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் தலைத்துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, குரலெடுத்தாள். அவள் அம்மாவும் அவள் அம்மாவின் அம்மாவும் ஒப்பாரி வைத்து வைத்து வந்த குரல் அது. என் பெயரைச் சொல்லி, என் அப்பன் பெயரைச் சொல்லி, நாங்கள் சேர்ந்து குடித்த பாலைச் சொல்லி அழுதாள். பாதிக்கு மேல் அது நடிப்பு இல்லை என்று எனக்குத் தெரிந்தது. முற்றத்தில் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சேர்ந்துகொண்டார்கள்.

மணி நின்றது.

காலையிலிருந்து இருந்த சத்தம் போனதும் காதே வலித்தது. கதவு படாரென்று திறந்தது. முதலில் மெய்லர். கச்சை இல்லாமல், செருப்பு வார் அவிழ்ந்து, தடுக்கி விழுந்து எழுந்து வந்தார். வந்தவர் நிலத்தைப் பற்றிக் கேட்கவில்லை, குழந்தை அழுததா என்று கேட்கவில்லை. என் கால்களைக் கட்டிக்கொண்டு, முகத்தைப் போர்வையில் புதைத்துக்கொண்டு, சிறு பிள்ளை மாதிரி விம்மினார்.

நான் அவர் முடியைப் பிடித்து இழுத்தேன். "சாகல. சத்தம் போடாதீங்க" என்று கிசுகிசுத்தேன்.

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்த பார்வையை நான் இப்போதும் மறக்கவில்லை. அந்தப் பார்வையைப் பார்த்த பிறகாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சித்தப்பா உள்ளே வரவில்லை, வாசற்படியில் நின்றார். சாவு வீட்டில் பேசும் தணிந்த குரலில், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார்.

"ஆண்டவர் அவ ஆத்மாவுக்கு இளைப்பாறுதல் குடுக்கட்டும். என் அண்ணன் மக. நானே தூக்கி வளத்த பொண்ணு." தூக்கி வளர்த்தாராம். "மனசு கஷ்டமாதான் இருக்கு, இருந்தாலும் கேக்க வேண்டியதக் கேட்டுடணும். நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது. இங்க நிக்கறவங்கள்ல யாராவது புள்ள அழுத சத்தம் கேட்டீங்களா?"

"இல்ல" என்றான் ஒருவன். "இல்லைங்க" என்றான் அடுத்தவன். சித்தப்பா ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்டார். பதினொரு பேரும் இல்லை என்றார்கள். கடைசியில், "ஹ்யூ, நீ?" என்றார்.

"எனக்கு மணிச் சத்தமே சரியா கேக்கலைங்க" என்றான் ஹ்யூ.

"நல்லது. எல்லாரும் நெனப்புல வச்சுக்குங்க."

நான் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தேன். யாரோ "இயேசுவே!" என்று அலறினார்கள். சித்தப்பா சிலுவை போட்டுக்கொண்டு பின்னால் நின்றவன் காலை மிதித்தார். அவர் முகம் தவக்காலத்து மீன் மாதிரி வெளுத்துப்போனது.

"வாங்க சித்தப்பா" என்றேன். "உள்ள வாங்க. நான்கு சுவருக்குள்ள வந்து நில்லுங்க. எல்லாரும் வாங்க. லசரீனா, புள்ளையக் குடு."

அவள் அசையவில்லை. இரண்டு கையாலும் மார்பை மூடிக்கொண்டாள். அந்நியர்கள் எதிரில் முதன்முறையாக அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "வேணாம், பசீ."

"குடுன்னு சொன்னேன்."

மெய்லர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "விட்டுடு பசீலியா. நிலம் உங்கப்பா வீட்டுது. புள்ள நம்மது. நான் எங்கயாவது வாள் தூக்கிப் பொழச்சுக்குவேன். விட்டுடு."

"இருவது பேர் முன்னால என் கையப் பிடிக்காதீங்க" என்றேன். அவர் கை தளர்ந்தது. அந்தக் கை அவ்வளவு சீக்கிரம் தளர்ந்திருக்க வேண்டாம். ஆனால் அவர் அப்படிப்பட்டவர், எனக்கும் அது தெரியும்.

லசரீனா படுக்கைக்குப் பக்கத்தில்தான் நின்றாள், எனக்குக் கை எட்டியது. ரவிக்கைக் கச்சையை இழுத்தேன், காலையில் எல்லா முடிச்சோடும் அவிழ்த்துவிட்டிருந்தது, சுலபமாக வந்தது. ரோமத் தோலை உருவி எறிந்தேன். குழந்தையை வெறும் உடம்போடு இரண்டு கையாலும் தூக்கி ஜன்னல் காற்றில் பிடித்தேன். என் கைகளில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

அது அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாயைக் கோணியது, அவ்வளவுதான். சித்தப்பாவின் முகத்தில் ரத்தம் திரும்ப ஆரம்பித்தது. அவர் உதடு லேசாகச் சுளித்ததைப் பார்த்தேன். உடனே குழந்தையின் உள்ளங்காலை நகத்தால் கிள்ளினேன்.

அழுதாள். வீல் என்று, அந்தச் சின்ன உடம்பு முழுவதும் சிவந்து, கையைக் காலை உதைத்துக்கொண்டு அழுதாள். நான்கு சுவரிலும் எதிரொலித்தது. ஆலைக்கார ஹ்யூ வாயெல்லாம் பல்லாக, "கேட்டுச்சு! எனக்கே கேட்டுச்சு!" என்று கத்தினான்.

அப்போதுதான் சிரித்தேன். "உங்களுக்குக் கேட்டுச்சா, சித்தப்பா?"

அவர் திரும்பிப் பார்த்தார். அவர் பின்னால் இருபது பேர் நின்றார்கள், அவருடைய சொந்த ஆட்கள் உட்பட. "கேட்டுச்சு" என்றார்.

லசரீனா குழந்தையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். தன் கன்னத்தை அதன் முதுகில் வைத்துப் பார்த்துவிட்டு அடுப்பு மூலைக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஆண்கள் இறங்கிப் போனார்கள். மெய்லர் ஜன்னலைச் சாத்தித் தாழிட்டுவிட்டு அடுப்பு மூலைக்குப் போய் அவள் பக்கத்தில் மண்டியிட்டார். நான் படுக்கையில் தனியாகக் கிடந்து, சாவுக்காகக் காத்திருந்தேன். ஜெயித்துவிட்டேன், இனி எப்போது வேண்டுமானாலும் வரட்டும் என்று இருந்தேன்.

வெயில் சாய்வதற்குள் குழந்தையின் உதடு நீலம் பாய்ந்தது. சாயங்கால ஜெபத்துக்கு முன் ஈதா போய்விட்டாள்.

நான் போகவில்லை. இரவெல்லாம் காத்திருந்தேன், அடுத்த நாளும் காத்திருந்தேன். ரத்தம் எப்போது நின்றதென்றே தெரியவில்லை. நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. ஏழாம் நாள் லசரீனா பார்லிக் கஞ்சி கொண்டுவந்தாள், குடித்தேன். என் மகளைக் கொன்றுவிட்டு உட்கார்ந்து கஞ்சி குடித்தேன். அதை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ராஜாவின் எழுத்தர் வந்தார். பன்னிரண்டு பேரும் வேதப் புத்தகத்தில் கை வைத்து, கேட்டோம் என்றார்கள். தோல் சுருளில் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். அது என் பெட்டியில்தான் இருக்கிறது. அதற்கு ஒரு நாளும் வேலை வரவில்லை. மனைவி செத்தால்தானே அதற்கு வேலை? மெய்லர் அதற்குப் பிறகு பதினான்கு வருஷம் இருந்தார். என்னை ஒரு தடவைகூடக் குத்திக் காட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மலை எல்லைச் சண்டையில் தொடையில் ஈட்டி பாய்ந்து என் மடியில் போனார். எனக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. சித்தப்பாவும் போய்விட்டார். அவர் மகன் வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து என் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போகிறான். நல்ல பையன்தான். நான் கண்ணை மூடினால் ராத்மோல் அவனுக்கு.

லசரீனா ரொம்ப காலம் அந்த நாளைப் பற்றி வாயே திறக்கவில்லை. மெய்லரைப் புதைத்த வருஷம், பனிக்காலத்துக்குப் பன்றி வெட்டி, நாங்கள் இருவரும் தொட்டியில் உப்புத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, தலை நிமிராமல் சொன்னாள்.

"அன்னிக்கு அவ என் மாருல வாய் வச்சு சப்ப ஆரம்பிச்சிருந்தா, பசீ. சப்பத் தெரிஞ்ச புள்ள பொழச்சுக்கும்."

உப்புக் கையோடு அவள் பக்கம் திரும்பினேன். "அப்பவே ஏன் என்கிட்ட சொல்லல?"

"வேணாம்னு சொன்னேனே" என்றாள் லசரீனா. "அந்த அறையில இருந்த எல்லாருக்கும் கேட்டுச்சு. ஹ்யூவுக்குக்கூடக் கேட்டிருக்கும். உனக்குத்தான் கேக்கல."